‘நீங்க ஓட்டுற விதம்தான் சார்’: சர்வீஸ் அட்வைசர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பிகளே, தங்கைகளே,

கார் சர்வீஸ் சென்டர்களில் வண்டியைச் சுற்றி வந்து, கீறல் பார்த்து, கிலோமீட்டர் குறித்து, ஜாப் கார்டு எழுதுகிற உங்களுக்குத்தான் இந்த மடல். நான் கோயம்புத்தூரில் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் மட்டும் பிரித்துப் பார்க்கும் ஒர்க்‌ஷாப் நடத்துகிறேன். வாரண்டி முடிந்து, உங்களிடம் ஒரு எஸ்டிமேட் வாங்கி, அந்தத் தொகையைப் பார்த்துக் கலங்கிப்போய் வருகிறவர்களைத் தினமும் சந்திக்கிறேன். அவர்கள் சொல்வதைக் கேட்கக் கேட்க, இதை எழுத வேண்டியது கார் கம்பெனித் தலைவர்களுக்கு அல்ல, உங்களுக்குத்தான் என்று தோன்றியது.

காரணம் எளியது. முன்பெல்லாம் ஆட்டோமேட்டிக் வண்டியிலும் கியர்பாக்ஸுக்கென்று ஒரு டிப்ஸ்டிக் இருந்தது. பானட்டைத் தூக்கி, அதை உருவி, துணியில் துடைத்து, ஆயிலின் நிறத்தையும் தீய்ந்த வாடையையும் வண்டிக்காரரே பார்த்துவிடலாம். இன்றைக்கு வருகிற வண்டிகளில் பெரும்பாலானவற்றில் அது கிடையாது. லட்சக்கணக்கில் விலையுள்ள ஒரு பெட்டிக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ள அவருக்கு இருக்கும் ஒரே வழி நீங்கள். மேசைக்கு இந்தப் பக்கம் நின்று நீங்கள் சொல்வதை அவர் அப்படியே நம்பிவிட்டுப் போகிறார்.

அவர்கள் என்னிடம் வந்து திருப்பிச் சொல்வது பெரும்பாலும் இரண்டு பதில்கள். “வண்டி ஜெர்க் அடிக்குது” என்று சொன்னால், “நீங்க ஓட்டுற விதம்தான் சார்.” “கியர்பாக்ஸ் ஆயில் மாத்தணுமா?” என்று கேட்டால், “அது லைஃப்டைம் ஆயில் சார், தொடவே வேண்டாம்.” இரண்டையும் நீங்கள் கெட்ட எண்ணத்தோடு சொல்வதில்லை. உங்களுக்குப் பயிற்சியில் சொல்லித் தந்தது அதுதான். ஆனாலும் இந்த இரண்டு பதில்களையும் நீங்கள் விட்டுவிட வேண்டும் என்று கேட்கத்தான் இந்த மடல்.

முதல் பதிலை எடுத்துக்கொள்வோம். 2018 ஏப்ரலில் ஆஸ்திரேலியாவின் ஃபெடரல் நீதிமன்றம் ஃபோர்டு நிறுவனத்தின் ஆஸ்திரேலியக் கிளைக்கு 1 கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது. வழக்கைத் தொடுத்தது அந்நாட்டின் போட்டி மற்றும் நுகர்வோர் ஆணையம். ஃபியஸ்டா, ஃபோகஸ், ஈகோஸ்போர்ட் வண்டிகளில் வந்த ‘பவர்ஷிஃப்ட்’ என்ற டூயல் கிளட்ச் கியர்பாக்ஸ் பற்றிய வழக்கு அது. இதில் நீங்கள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. அபராதம், கியர்பாக்ஸ் பழுதானதற்காக அல்ல. புகாரோடு வந்த வாடிக்கையாளர்களை நடத்திய விதத்துக்காக. வண்டி உதறுகிறது என்று வந்தவர்களிடம், அவர்கள் ஓட்டும் விதம்தான் காரணம் என்று சொல்லப்பட்டது. அந்த வகைப் பெட்டியிலேயே கோளாறு இருப்பது நிறுவனத்துக்குத் தெரிந்திருந்தும் அப்படிச் சொல்லப்பட்டது. நிறுவனமே இதை நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டது. நீங்கள் மேசையில் நின்று சொல்லும் அதே வாக்கியம், ஒரு நாட்டின் நீதிமன்றத்தில் மனசாட்சிக்கு விரோதமான நடத்தை என்று தீர்ப்பாகியிருக்கிறது.

இது எங்கோ தூரத்துக் கதையும் அல்ல. ஆஸ்திரேலியாவில் அன்று விற்ற ஈகோஸ்போர்ட் நம் மறைமலை நகர் தொழிற்சாலையில் பூட்டப்பட்டுக் கப்பலேறியது. அதே பெட்டி 1.5 லிட்டர் பெட்ரோல் ஈகோஸ்போர்ட்டில் நம் ஊர்ச் சாலைகளிலும் ஓடியது. அதன் கோளாறு என்ன என்று பிரித்தவர்களுக்குத் தெரியும். உலர் கிளட்சுகள் இரண்டு. உள்ளே வரும் ஷாஃப்ட்டின் சீல் கசிந்தால் ஆயில் நேராகக் கிளட்ச் தட்டில் படும். பட்டால், வண்டி மெதுவாகப் புறப்படும்போது நடுங்கும். கிளட்ச் லைனிங்கிலும் குறை இருந்தது. கட்டளை கொடுக்கும் எலக்ட்ரானிக் மாட்யூலும் தன் பங்குக்குப் பழுதானது. இதில் எதை ஓட்டுகிறவர் செய்திருக்க முடியும்? 2017 கடைசியில் வந்த புதிய ஈகோஸ்போர்ட்டில் பெட்ரோல் ஆட்டோமேட்டிக்குக்கு டார்க் கன்வெர்ட்டர் பெட்டி வந்துவிட்டது. பழைய வண்டி வாங்கியவர்கள் “நாங்கள்தான் சரியாக ஓட்டவில்லையோ” என்ற குற்ற உணர்வோடு அதை விற்றுவிட்டுப் போனார்கள்.

வோல்க்ஸ்வாகனின் ஏழு கியர் டி.எஸ்.ஜி. பெட்டிக்கும் இப்படி ஒரு வரலாறு உண்டு. 2013 மார்ச் 15 அன்று சீன அரசுத் தொலைக்காட்சி தன் நுகர்வோர் தின நிகழ்ச்சியில் அந்தப் பெட்டியின் கோளாறைக் காட்டியது. சில நாட்களில் சீனாவில் மட்டும் 3,84,181 வண்டிகளைத் திரும்ப அழைத்தார்கள். அந்த ஆண்டு நவம்பரில் உலக அளவில் எண்ணிக்கை 16 லட்சமானது. வெப்பமும் ஈரப்பதமும் அதிகமான ஊர்களில், நின்று நின்று ஓடும் போக்குவரத்தில், உள்ளே ஊற்றியிருந்த சிந்தெடிக் ஆயிலால் மின்கோளாறு வருகிறது என்பதுதான் காரணம். தீர்வு, அதை எடுத்துவிட்டு மினரல் ஆயில் ஊற்றுவது. வெப்பம், ஈரப்பதம், நின்று நின்று ஓடும் போக்குவரத்து: சென்னை அண்ணா சாலையை இதைவிடச் சுருக்கமாக எழுத முடியாது. நிஸ்ஸானும் 2003 முதல் 2010 வரையிலான தன் சி.வி.டி. வண்டிகளுக்கு அமெரிக்காவில் வாரண்டியை 10 ஆண்டு அல்லது 1,20,000 மைல் என்று நீட்ட வேண்டியிருந்தது. பெரிய கம்பெனிகளே தங்கள் வடிவமைப்பில் குறை இருப்பதை இப்படி ஏற்றுக்கொண்டிருக்கும்போது, வாடிக்கையாளர் மேல் பழி போட நமக்கு என்ன அவசரம்?

அதற்காக ஓட்டும் விதத்துக்கும் கியர்பாக்ஸுக்கும் சம்பந்தமே இல்லை என்று சொல்ல வரவில்லை. நிறையச் சம்பந்தம் உண்டு, எந்தப் பெட்டி என்பதைப் பொறுத்து. இங்கேதான் உங்கள் வேலை தொடங்குகிறது. கார் விற்கும்போது ‘ஆட்டோமேட்டிக்’ என்று ஒரே பெயரில் விற்றுவிடுகிறோம். உள்ளே இருப்பது வெவ்வேறு இயந்திரங்கள்.

2014-இல் மாருதி செலெரியோ கொண்டுவந்த ஏ.எம்.டி.யைப் பாருங்கள். அது சாதாரண மேனுவல் கியர்பாக்ஸ்தான். கிளட்சை மிதிக்கும் காலுக்கும் கியர் போடும் கைக்கும் பதிலாக ஒரு கருவி இருக்கிறது, அவ்வளவே. இரண்டாவது பெடல் பிரேக், மூன்றாவது இல்லை என்பதால் கிளட்சே இல்லை என்று வாங்கியவர் நினைத்துக்கொள்கிறார். ஊட்டிக்கோ ஏற்காட்டுக்கோ ஏறும்போது முன்வண்டி நின்றதும், பிரேக்கை மிதிக்காமல் ஆக்சிலரேட்டரை லேசாக அழுத்தியபடி வண்டியைச் சரியாமல் பிடித்து வைக்கிறார். உள்ளே கிளட்ச் அரைகுறையாக ஒட்டி உரசிக்கொண்டே இருக்கிறது. இரண்டு கொண்டை ஊசி வளைவு தாண்டுவதற்குள் வாடை வரும். உலர் டூயல் கிளட்ச் வண்டிக்கும் இதே ஆபத்துதான். டார்க் கன்வெர்ட்டரில் தட்டு எரியாது, ஆனால் அந்தச் சூடு முழுக்க ஆயிலில் இறங்கும். “ஏற்றத்தில் பிரேக்கைப் பிடியுங்கள், அல்லது ஹில் ஹோல்டை நம்புங்கள், ஆக்சிலரேட்டரால் வண்டியை நிறுத்தி வைக்காதீர்கள்” என்ற ஒரே ஒரு வாக்கியத்தை டெலிவரி நாளன்று, சாவியும் இனிப்பும் கொடுக்கும்போது சொன்னால் அது அறிவுரை. கிளட்ச் எரிந்த பிறகு சொன்னால் அது குற்றச்சாட்டு.

சி.வி.டி. வேறு மாதிரி. இரண்டு கூம்புப் புல்லிகளுக்கு நடுவே ஓர் எஃகு பெல்ட். ஆயில் அழுத்தம்தான் புல்லிகளை நெருக்கிப் பெல்ட்டைப் பிடித்து வைக்கிறது. உலோகமும் உலோகமும் வழுக்காமல் பிடிக்கவும் வேண்டும், தேயாமலும் இருக்க வேண்டும். இந்த இரண்டையும் செய்வதற்கென்றே தயாரித்த ஆயில் அது. அதில் சாதாரண ஏ.டி.எஃப். ஊற்றினால் பெட்டியைக் கொன்றதற்குச் சமம். இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். இன்னோவா ஹைகிராஸ், கிராண்ட் விட்டாரா ஹைபிரிட் வண்டிகளில் ‘இ-சி.வி.டி.’ என்று சொல்கிறார்களே, அதில் பெல்ட்டும் இல்லை, புல்லியும் இல்லை. பல்சக்கரத் தொகுதியும் மின்மோட்டார்களும் சேர்ந்த வேறொரு ஏற்பாடு அது, தேய்வதற்கு மிகக் குறைவாகவே உள்ளது. அதே ஹைகிராஸின் ஹைபிரிட் அல்லாத பெட்ரோல் வண்டியில் இருப்பதோ உண்மையான பெல்ட் சி.வி.டி. ஒரே மாடல், ஒரே ஷோரூம், இரண்டு வேறு பராமரிப்பு. வண்டியின் பெயரைப் பார்த்து மட்டும் பதில் சொன்னால் தவறிப் போகும்.

இனி அந்த லைஃப்டைம் ஆயிலுக்கு வருவோம். எனக்கு அதிகம் மனம் வருந்துவது இதில்தான்.

டார்க் கன்வெர்ட்டர் ஆட்டோமேட்டிக்கில் ஆயில் வெறும் மசகு அல்ல. கிளட்சுகளை அழுத்துவது அதன் அழுத்தம். சூட்டை வெளியே கொண்டுபோவது அது. அதோடு, கிளட்ச் தட்டுகள் ஒன்றோடொன்று எவ்வளவு பிடிக்க வேண்டும், எவ்வளவு மெல்ல வழுக்கிப் பிடிக்க வேண்டும் என்பதைக்கூட அதில் கலந்திருக்கும் வேதிப்பொருள்கள்தான் தீர்மானிக்கின்றன. முதலில் தீர்ந்துபோவது அந்த வேதிப்பொருள்கள். ஆயில் பார்க்க ஓரளவு நன்றாக இருக்கும்போதே பிடிப்பு கெட ஆரம்பித்துவிடும்.

அதன் முதல் அறிகுறி உங்களிடம்தான் வருகிறது, ஆனால் வேறு பெயரில். வாடிக்கையாளர் “ஐம்பது அறுபதுல போகும்போது லேசா அதிருது, டயர் பேலன்சிங் பாருங்க” என்பார். நீங்கள் பேலன்சிங் எழுதுவீர்கள். மறுபடி வருவார். அலைன்மென்ட் எழுதுவீர்கள். பிறகு ஸ்பார்க் பிளக். அடுத்த முறை அப்படி ஒருவர் வந்தால், டெஸ்ட் டிரைவில் இதைச் செய்து பாருங்கள். அதிர்வு வரும் வேகத்தில், ஆக்சிலரேட்டரை விடாமல் பிடித்துக்கொண்டு, பிரேக்கை இடது காலால் தொட்டும் தொடாமலும் அழுத்துங்கள். பின்னால் வண்டி இல்லாத சாலையாகப் பார்த்துச் செய்ய வேண்டும். பிரேக் விளக்கு எரிந்ததும் கன்வெர்ட்டருக்குள் இருக்கும் லாக்-அப் கிளட்ச் விடுபடும். அந்த நொடியே அதிர்வு நின்றால், குற்றவாளி டயரும் அல்ல, பிளக்கும் அல்ல. பெரும்பாலும் களைத்துப்போன ஆயில். அந்தக் கட்டத்தில் மாற்றினால் பல வண்டிகள் பிழைத்துக்கொள்கின்றன. அதையும் தாண்டி இன்னும் ஒரு வருடம் ஓட்டினால் லாக்-அப் கிளட்ச்சின் லைனிங் கரைந்து, அந்தத் துகள் வால்வ் பாடிக்குள் போய், கியர் மாறும்போது அடிக்க ஆரம்பிக்கும். அப்புறம்தான் என்னிடம் வருவார்கள்.

ஜெர்மனியின் இசட்.எஃப். நிறுவனம் செய்யும் எட்டு கியர் பெட்டி, 2009-இல் பி.எம்.டபிள்யூ. வண்டியில் தொடங்கி இன்று பல கம்பெனிகளின் கார்களில் ஓடுகிறது. என்னைக் கேட்டால், இதுவரை வந்த டார்க் கன்வெர்ட்டர் பெட்டிகளில் மிகச் சிறந்தவற்றில் ஒன்று. அதைப் பூட்டும் கார் கம்பெனிகள் சில, ஆயில் மாற்ற வேண்டாம் என்கின்றன. பெட்டியைச் செய்த இசட்.எஃப். என்ன சொல்கிறது? 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள், அல்லது எட்டு ஆண்டுக்குள் மாற்று என்கிறது. கடுமையாக ஓட்டினால் இன்னும் முன்னதாகவே. பெற்றவளின் பேச்சைக் கேட்பதா, பக்கத்து வீட்டுக்காரர் பேச்சையா? காரை முதலில் வாங்குகிறவர் ஐந்தாறு வருடத்தில் விற்றுவிடுவார் என்ற கணக்கில்தான் அந்த ‘லைஃப்டைம்’ எழுதப்படுகிறது என்பது என் அபிப்பிராயம். அதை இரண்டாவது ஆளாக வாங்கி, பத்து வருடம் வைத்துக்கொள்ளும் பள்ளி ஆசிரியருக்கும் வங்கி ஊழியருக்கும் அந்தக் கணக்கில் இடம் இல்லை. அவரும் உங்கள் மேசைக்கு வருகிறார். அவருக்கும் நீங்கள்தான் அட்வைசர்.

“கம்பெனி அட்டவணையில் இல்லாததை நான் எப்படிச் சொல்வது?” என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அந்த அட்டவணையின் அடியில் சிறிய எழுத்தில் கடுமையான பயன்பாடு பற்றி ஒரு பகுதி இருக்கும், அதைப் படித்துப் பாருங்கள். நெரிசலில் ஊர்வது, அதிக வெப்பம், மலைப்பாதை, குறுகிய தூர ஓட்டம் என்று அங்கே போட்டிருப்பதெல்லாம் நம் ஊரில் அன்றாட ஓட்டம்தான். பல கம்பெனிகள் அதற்குத் தனி இடைவெளியே கொடுத்திருக்கின்றன. அதை வாடிக்கையாளருக்குக் காட்டுங்கள். முடிவை அவர் எடுத்துக்கொள்ளட்டும்.

மாற்றச் சொல்வது பாதி வேலைதான். மாற்றும் விதத்தில் கெட்டுப்போன பெட்டிகளும் என்னிடம் வருகின்றன. டிப்ஸ்டிக் இல்லாத பெட்டிகளில் பலவற்றுக்கு அளவு பார்ப்பது பக்கவாட்டிலோ அடியிலோ இருக்கும் ஒரு போல்ட் வழியாக. வண்டி லிஃப்டில் மட்டமாக நிற்க வேண்டும், எஞ்சின் ஓட வேண்டும், ஸ்கேனரில் ஆயிலின் வெப்பநிலை தெரிய வேண்டும். இசட்.எஃப். பெட்டிக்கு அது 30-லிருந்து 50 டிகிரிக்குள். அந்தச் சூட்டில் போல்ட்டைக் கழற்றினால், மெல்லிய நூலாக வழிந்து சொட்டாகும் இடமே சரியான அளவு. இப்போது மே மாதத்தை நினைத்துப் பாருங்கள். மதியம் பன்னிரண்டு மணிக்குச் சாலையிலிருந்து நேராக வந்த வண்டியில் ஆயில் 80, 90 டிகிரியில் இருக்கும். சூட்டில் விரிந்த ஆயிலை அப்படியே அளந்து, வழிய விட்டு மூடினால், மறுநாள் குளிர்ந்ததும் உள்ளே அளவு குறைந்திருக்கும். காலையில் ஏற்றத்தில் புறப்படும்போது பம்ப் காற்றை இழுக்கும், கியர் பிடிக்காமல் நழுவும். “ஆயில் மாத்தினதுக்கு அப்புறம்தான் போச்சு” என்ற கெட்ட பெயர் இப்படித்தான் வருகிறது. வண்டியை முந்தின நாள் மாலையே விடச் சொல்லி, காலை முதல் வேலையாகச் செய்யச் சொல்லுங்கள். டெக்னீசியனிடம் அந்த நேரத்தைக் கேட்டு வாங்கித் தர உங்களால் முடியும்.

ஒரு முறை வடித்தால் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரைதான் வெளியே வரும், மீதி கன்வெர்ட்டருக்குள்ளேயே தங்கிவிடும் என்பதையும் வாடிக்கையாளருக்குச் சொல்லிவிடுங்கள். சில ஆயிரம் கிலோமீட்டர் கழித்து இன்னொரு முறை வடித்து ஊற்றுவது, மெஷினை வைத்துப் பெரிய அழுத்தத்தில் அலசுவதைவிட நல்லது என்பது என் கருத்து.

பழைய, ஒருமுறையும் ஆயில் மாற்றாத வண்டியில் மாற்றலாமா என்ற பயம் பலருக்கு உண்டு. பெட்டி ஏற்கெனவே நழுவிக்கொண்டிருந்தால் புது ஆயில் அதைக் காப்பாற்றாது. அந்த உண்மையை முன்னாலேயே சொல்லி, கையெழுத்து வாங்கிக்கொண்டு செய்யுங்கள். நழுவாமல், வெறுமனே வயதாகியிருக்கிறது என்றால் தயங்க வேண்டாம்.

ஆயில் பானைக் கழற்றும்போது நீங்களும் கீழே போய்ப் பாருங்கள். வாடிக்கையாளர் காத்திருந்தால் அவரையும் கூட்டிப் போங்கள். பானின் அடியில் சின்னச் சின்னக் காந்தங்கள் ஒட்டியிருக்கும். அவற்றின் மேல் சாம்பல் நிறத்தில், விரலில் தேய்த்தால் மொறமொறப்பே இல்லாத மை போன்ற படிவு இருந்தால் அது சாதாரணத் தேய்மானம். அதில் மினுங்கும் செதில்களோ ஊசி போன்ற துண்டுகளோ தட்டுப்பட்டால், எங்கோ பேரிங் அல்லது பல்சக்கரம் உடைகிறது. கறுப்புத் துணுக்குகள் நிறைய இருந்தால் கிளட்ச் லைனிங் உதிர்கிறது. ஆயில் ரோஸ்மில்க் நிறத்தில் கலங்கியிருந்தால் ரேடியேட்டருக்குள் இருக்கும் ஆயில் கூலர் ஓட்டையாகி, கூலன்ட் உள்ளே வந்துவிட்டது. அந்த வண்டியை அதற்கு மேல் ஒரு கிலோமீட்டர்கூட ஓட்ட விடாதீர்கள். கிளட்ச் தட்டில் ஒட்டியிருக்கும் காகித லைனிங்கின் பசை தண்ணீரில் விட்டுவிடும். ஒரு ரேடியேட்டரோடு முடியவேண்டிய செலவு முழுப் பெட்டியாகிவிடும்.

தண்ணீர் என்றதும் 2023 டிசம்பர் நினைவுக்கு வருகிறது. மிக்ஜாம் புயல் வெள்ளத்தில் சென்னையில் எத்தனை கார்கள் மூழ்கின என்று நீங்களே பார்த்தீர்கள். மூழ்கின வண்டி வந்தால் எல்லோருடைய கவனமும் எஞ்சின் மேலும் சீட் மேலும்தான் போகிறது. கியர்பாக்ஸுக்கு மேலே சூட்டுக் காற்று வெளியேற ஒரு சின்ன ப்ரீத்தர் குழாய் உண்டு. தண்ணீர் அந்த மட்டத்துக்கு வந்திருந்தால் உள்ளேயும் போயிருக்கும். இன்சூரன்ஸ் சர்வேயருக்கு அனுப்பும் பட்டியலில் கியர்பாக்ஸ் ஆயிலையும் ஃபில்டரையும் சேர்த்து எழுதுங்கள். ஸ்டார்ட் செய்வதற்கு முன் வடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். வழியில் நின்ற ஆட்டோமேட்டிக் வண்டிக்கு யாராவது போன் செய்தால், கயிறு கட்டி இழுக்க வேண்டாம், பிளாட்பெட் வண்டி அனுப்புகிறோம் என்று முதல் வார்த்தையிலேயே சொல்லிவிடுங்கள். எஞ்சின் ஓடாதபோது ஆயில் பம்பும் ஓடாது. சக்கரம் உருள உருள உள்ளே எல்லாம் காய்ந்தபடியே சுற்றும்.

உங்களுக்கு மாத இலக்கு இருப்பதும், ஒரு வண்டிக்கு நீங்கள் செலவிடும் நிமிடங்களை மேலதிகாரி எண்ணுவதும் எனக்குத் தெரியாததல்ல. ஆனாலும் ஜாப் கார்டில் நாலே நாலு வரிகள் கூடுதலாக எழுதச் சொல்லிக் கேட்கிறேன். பெட்டி எந்த வகை. அதற்குரிய ஆயிலின் சரியான பெயர். கடைசியாக எத்தனையாவது கிலோமீட்டரில் மாற்றியது, மாற்றவே இல்லையென்றால் அதையும். அளவு பார்த்தபோது ஆயிலின் சூடு எத்தனை டிகிரி. அந்த நகலை வாடிக்கையாளர் கையில் கொடுத்துவிடுங்கள். வண்டியை விற்கும்போது அடுத்தவருக்கும் அது போய்ச் சேரும்.

ஜெர்க் அடிக்கிறது என்று யாராவது வந்தால், அவர் எப்படி ஓட்டுகிறார் என்று கேட்பதற்கு முன் ஸ்கேனரைப் போட்டு, பிழைக் குறியீடு இருக்கிறதா, கிளட்ச் எவ்வளவு நழுவுகிறது, கம்பெனியிலிருந்து அந்த மாடலுக்குப் புது சாஃப்ட்வேரோ சர்வீஸ் அறிவிப்போ வந்திருக்கிறதா என்று பாருங்கள். வந்திருந்தால் அதை அவரிடம் காட்டுங்கள். வாரண்டி இன்னும் இருந்தால், புகாரை அவர் சொன்ன வார்த்தைகளிலேயே, தேதியோடு பதிவு செய்யுங்கள். நாளைக்கு வாரண்டி முடிந்த பிறகு அதே கோளாறு பெரிதானால், அவர் கையில் இருக்கும் ஒரே சாட்சி நீங்கள் எழுதிய அந்த வரிதான்.

அன்புடன்,
கோயம்புத்தூரிலிருந்து உங்கள் அண்ணன் ஒருவன்